பாடபேதம்

தட்டுக்குத் தொண்ணூற்றாறு குழி,
குழிக்கு ஒரு மனிதர்.
ஒவ்வொருவரையும் தனித்தனியே படிக்கக் காசில்லை என்று
பாரீசிலிருந்து கடிதம் வந்த பிறகு
வரிசைக்கு ஒரு குழாய், பத்திக்கு ஒரு குழாய்,
ஆக இருபது குழாயில் கலக்கிவைத்தோம்.
யார் லாரி ஓட்டி, யார் நோட்டரி,
குழாய்க்குத் தெரியாது.
எனக்கும்.

ஒரு வரிசையில் பன்னிரண்டு பேர்,
இருபத்து நான்கு பிரதி:
தாய் கொடுத்தது ஒன்று, தகப்பன் கொடுத்தது ஒன்று.
இருபத்து மூன்றில் சி என்றிருக்கும் இடத்தில்
ஒன்றில் மட்டும் டி.
அவ்வளவுதான் நான் தேடுவது.

தொல்லை என்னவென்றால்
இயந்திரமும் தப்பாக வாசிக்கும்.
ஏட்டைப் பார்த்து எழுதியவன் கண்ணயர்ந்தானா,
அல்லது அவன் கையிலிருந்த ஏட்டிலேயே
அப்படித்தான் இருந்ததா?
பிழையா, பாடபேதமா?
காரைக்காலில் தமிழ் வகுப்பில்
அடிக்குறிப்புகளைத் தாண்டிப் போனவள் நான்.
சேன்-பியேரில் அடிக்குறிப்பே சம்பளம்.

பக்கத்து மேசை எமெரிக் பூங்காவனோன்.
கப்பலிறங்கிய யாரோ பூங்காவனம் என்று சொல்ல
குமாஸ்தா காதில் கடைசி எழுத்து திரிந்திருக்கிறது.
பிழைதான்.
ஐந்து தலைமுறையாக அந்தப் பிழை
ஓட்டுப் போடுகிறது, கார்க்கடன் கட்டுகிறது,
ஞாயிறானால் அடுப்பும் சட்டியுமாகக்
கடலோரம் போய்ச் சமைத்துச் சாப்பிடுகிறது.

அறுபத்தொன்றாம் தட்டில் அது வந்தது.
முன்னிழையிலும் இருந்தது,
எதிரிழையில் அதற்கு ஈடான ஏ-வும் இருந்தது.
சி வரிசை, எஃப் வரிசை.
இரண்டாம் பத்தி, பதினொன்றாம் பத்தி.
கோடு போட்டால் நான்கு சந்திப்பு.
எமெரிக் நகத்தால் திரையைத் தட்டினான்:
"இரண்டு பேர் ஆள், இரண்டு பேர் நிழல்."
இவ்வளவு அரிதான எழுத்து
ஒரே தட்டில் இரண்டு முறை வந்ததே அதிகம்.
அவன் சொன்னது சரி என்றுதான் பட்டது.

நால்வரையும் தனியே படிக்க ஆறு நாள்.
இடையில் ஒரு புயல் எச்சரிக்கை,
ஆரஞ்சு, பிறகு சிவப்பு,
ஜெனரேட்டர் இரவு முழுக்கக் கனைத்துக்கொண்டிருந்தது.
உறைபெட்டி மைனஸ் எண்பதிலிருந்து
எழுபத்தாறுக்கு ஏறியதைப்
பார்த்துக்கொண்டே ரொட்டி தின்றேன்.

விடை வந்தபோது
நிழல் யாருமில்லை.
நால்வரும் ஆள்.

மறுபடி ஓட்டினேன். புதுத் துளி, புது ரசாயனம்.
நால்வரும்.

பதிவேட்டில் பெயர் கிடையாது,
தேதியும் இடமும் உண்டு.
நான்கு பேருக்கும் ஒரே தேதி.
மாஃபாத் பள்ளத்தாக்கில் ரோடு போகாத ஒரு குடியிருப்பு.
காலி காஸ் சிலிண்டர்களுக்கு நடுவே
குளிர்ப்பெட்டியை இடுக்கிக்கொண்டு
ஹெலிகாப்டரில் இறங்கிவந்த நர்சின் கையெழுத்து,
"இன்று பதினான்கு பேர். மழை."

ஒன்பதாயிரத்தில் நான்கு என்று நாங்கள் எழுதுவோம்.
அங்கே போய் எண்ணினால்
பதினான்கில் நான்கு.
தீவுக்கு அரிது,
அவர்களுக்கு அது
ரொட்டிக்கடைக் க்யூவில் முன்னால் நிற்பவர்.

அறிக்கையில் ஒரு கட்டம் இருக்கிறது: பொருள்.
தெரியவில்லை, என்று நிரப்பினேன்.
நோய் என்று நிச்சயமானால் மட்டும் தெரிவிக்கலாம் என்பது
அவர்கள் கையெழுத்திட்ட தாள்.
எமெரிக் அதை இரண்டு முறை படித்தான்.
"ஒன்றுமில்லாமல் இருக்கலாம்."
இருக்கலாம்.
"கல்லீரல் ஜீன், இல்லையா?"
ஆமாம்.
சற்று நேரம் ஜன்னல் வழியே
கிழிந்து கிடந்த வாழையிலைகளைப் பார்த்தோம்.

மீதித் துளிகளை டப்பாவில் அடுக்கினேன்,
கறுப்புப் பேனாவால் நான்கு எண்கள்.
பேனா மூடும் முன் அவன் கேட்டான்,
என் பெயரை உங்கள் எழுத்தில் எழுது,
பழைய மாதிரி.
கையுறை டப்பாவின் அட்டையைக் கிழித்து எழுதினேன்.
பூங்காவனம்.
தமிழ் வாசிக்கத் தெரியாது அவனுக்கு.
வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான்,
ம் மேலிருந்த புள்ளியை
நகத்தால் மெல்லச் சுரண்டினான்.

"இது எழுத்தா, தூசியா?"